பருவம் தள்ளிய பெண்ணும் பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவரும்



1781-ஆம் ஆண்டு, எடின்பரோ நகரில் மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லன் ஒரு புதிய கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். நீராவி எந்திரத்தால் பெயர்பெற்ற ஜேம்ஸ் வாட் அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். எழுதி முடித்த கடிதத்தின்மேல் ஈரப்படுத்திய மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் மை அதில் ஒற்றிக்கொள்ளும். தாளைத் திருப்பிப் பிடித்தால் எழுத்து நேராகத் தெரியும். அதுவரை எழுத்தர்களை வைத்துத் தம் பதில்களைப் படியெடுத்துவந்த கல்லனுக்கு இது பெரிய வசதி. ஏனென்றால் அவர் தொழிலில் பாதி அஞ்சலிலேயே நடந்தது. நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வந்த கடிதத்தைப் படித்து, நோய் இன்னது என்று தீர்மானித்து, மருந்தும் பத்தியமும் எழுதி அனுப்புவார். அவருக்கு வந்த கடிதங்களும் அவர் அனுப்பிய பதில்களின் படிகளுமாக ஆயிரக்கணக்கான தாள்கள் இன்றும் எடின்பரோவின் ராயல் மருத்துவர் கல்லூரியில் இருக்கின்றன.

அஞ்சலில் வந்த நோய்கள் பலவிதம். மூட்டுவாதம் பிடித்த நிலக்கிழார்கள், வயிறு செரிக்காத பாதிரியார்கள், மனம் சோர்ந்த வணிகர்கள் எல்லோரும் எழுதினார்கள் அல்லது எழுதச் சொன்னார்கள். அந்த நூற்றாண்டின் மருத்துவர் எவருக்கும் அடிக்கடி வந்துசேர்ந்த இன்னொரு கவலையும் உண்டு. வீட்டில் பதினாறோ பதினேழோ வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இன்னும் வயதுக்கு வரவில்லை. அல்லது வந்து சில மாதங்களில் நின்றுவிட்டது. முகம் வெளுத்திருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை. என்ன செய்வது?

இப்படிப்பட்ட கடிதத்தைப் பெரும்பாலும் அந்தப் பெண் எழுதுவதில்லை. தகப்பனார் எழுதுவார், அல்லது ஊரில் மருந்துக்கடையும் அறுவைத் தொழிலும் சேர்த்து நடத்தும் வைத்தியர் எழுதுவார். வைத்தியர் எழுதினால் வயது, உடல்வாகு, நாடி, மலம், சிறுநீர், பசி, தூக்கம், கால் குளிர்ந்திருக்கிறதா, இதுவரை என்னென்ன மருந்து கொடுத்தாயிற்று என்று வரிசை இருக்கும். தாய்க்கும் செவிலிக்கும் தெரிந்தது அவர்கள் வாய்வழியே போய், ஆண் ஒருவரின் பேனா வழியே இறங்கி, எடின்பரோவில் இன்னொரு ஆணின் மேசைக்கு வரும். இத்தனை கைகள் மாறி வந்த செய்தியை வைத்துத்தான் நோய் முடிவாயிற்று. இன்றைக்கு இந்தக் கதை நமக்கு ஏன் வேண்டும் என்றால், அந்த நூற்றாண்டு முழுவதும் மருத்துவர்கள் ஒரு கேள்வியோடு மல்லாடினார்கள்: பருவம் தள்ளிப்போவதே ஒரு நோயா, அல்லது வேறு ஏதோ ஒன்றின் அடையாளமா? முதல் விடையை நம்பியவர்கள் பெண்களின் உடலைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இரண்டாவது விடையின் பக்கம் மெல்ல நகர்ந்தவர்களில் முக்கியமானவர் கல்லன்.

முதல் விடை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1703-இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃபிரெய்ண்ட் மாதவிலக்கைப் பற்றி மட்டுமே 'எம்மெனோலோஜியா' என்று ஒரு நூலை லத்தீனில் வெளியிட்டார். நியூட்டனின் இயற்பியல் அறிவுலகத்தை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஃபிரெய்ண்ட் உடலைக் குழாய்களும் அழுத்தமும் கொண்ட அமைப்பாகவே பார்த்தார். வளரும் வயதில் உடல் உண்ணும் உணவு வளர்ச்சிக்கே செலவாகிவிடுகிறது. வளர்ச்சி நின்றதும் இரத்தம் மிஞ்சுகிறது. ஆண் உழைத்து வியர்த்து அதைக் கழித்துவிடுகிறான். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அது தேங்குகிறது. தேங்கிய இரத்தம் கருப்பையின் நுண்குழாய்களை மாதம் ஒருமுறை அழுத்தித் திறந்து வெளியேறுகிறது. இதுதான் மிகைக்குருதிக் கொள்கை. வேர் மிகப் பழையது. ஃபிரெய்ண்ட் அதற்குப் புதிய கணக்கைக் கொடுத்தார்.

கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோளாறு கணக்கிலேயே இருந்தது. ஒரு மாதவிலக்கில் இரண்டு ஆட்டிக் கோட்டுலே அளவு இரத்தம் போகும் என்று இப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கிய கிரேக்க நூல்கள் சொல்கின்றன. அது ஏறத்தாழ அரை லிட்டர். ஃபிரெய்ண்டும் ஏறக்குறைய அந்த அளவையே ஏற்றார். இன்று அளந்து பார்த்தவர்களின் கணக்குப்படி சராசரி 30 முதல் 40 மில்லி லிட்டர்தான். 80-ஐத் தாண்டினாலே அது மிகுதி என்று சிகிச்சை தொடங்குவார்கள். அதாவது பத்து மடங்குக்கும் மேற்பட்ட பிழை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்திருக்கிறது. மாதாமாதம் அரை லிட்டர் இரத்தம் வெளியேறியாக வேண்டும் என்று நம்புகிறவருக்கு, அது வராமல் நின்ற பெண்ணைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஒரு வருஷம் வரவில்லை என்றால் ஆறு லிட்டர் எங்கே போயிற்று? அந்தப் பயத்துக்கு அவர்கள் அறிவின்படி நியாயம் இருந்தது. வராத இரத்தம் உள்ளேயே கெட்டுவிடும், மூளைக்கு ஏறினால் பித்துப் பிடிக்கும், நெஞ்சுக்கு ஏறினால் சயரோகம் என்று நூல்கள் எச்சரித்தன.

ஆகவே மருத்துவம் ஒரே திசையில் ஓடியது: எப்படியாவது வரவழைக்க வேண்டும். கணுக்காலில் இரத்தக்குழாயைக் கீறி இரத்தம் எடுப்பார்கள். மேலே நிற்கும் குருதியைக் கீழே இழுக்க அதுவே வழி என்று நினைத்தார்கள். வெந்நீரில் கால்களை ஊறவைப்பார்கள். கரியபோளமும் வெள்ளைப்போளமும் சேர்த்த மாத்திரையால் வயிற்றைக் கழுவுவார்கள். கரியபோளம் குடலின் கீழ்ப்பகுதியை உறுத்தும். பக்கத்திலேயே இருக்கும் கருப்பையையும் அந்த உறுத்தல் எழுப்பிவிடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. வெளுத்துப்போய், படியேற முடியாமல், இரும்புச்சத்துக் குறைவில் தவிக்கும் பெண்ணின் காலிலிருந்து கிண்ணம் கிண்ணமாக இரத்தம் எடுத்ததை இன்று படிக்கும்போது மனம் பதைக்கிறது. எடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தேங்கியதை வடிக்கிறோம் என்று உண்மையாகவே நம்பினார்கள்.

இதே நம்பிக்கையின் இன்னொரு முகத்தை ஜெர்மனியில் பார்க்கலாம். ஐசனாக் என்பது இசைமேதை பாஹ் பிறந்த ஊர். அங்கே நகர மருத்துவராகவும் பிறகு கோத்தாவிலும் பணியாற்றிய யோஹான் ஷ்டோர்ஹ், தம்மிடம் வந்த பெண்களின் பாடுகளைப் பல பத்தாண்டுகள் குறித்துவைத்தார். 1751-இல் அவர் இறந்தார். அந்தக் காலத்தை ஒட்டி அவருடைய குறிப்புகள் பெண்நோய்கள் என்ற பொருளில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தன. கன்னிப்பெண்களின் நோய்களுக்கென்றே அதில் தனித் தொகுதி உண்டு. நெடுங்காலம் யாரும் புரட்டாத அந்தத் தொகுதிகளை வரலாற்றறிஞர் பார்பரா டூடன் எடுத்துப் படித்து 1987-இல் ஒரு நூல் எழுதினார். உடலுக்கும் வரலாறு உண்டு என்பதை அவ்வளவு அழுத்தமாகக் காட்டிய நூல்கள் குறைவு.

ஷ்டோர்ஹ் தம்மிடம் வந்த பெண்களைத் தொட்டுப் பார்த்ததே அரிது. பல நேரம் பெண் வரவும் மாட்டாள். தாயோ வேலைக்காரியோ சிறுநீர்ப் புட்டியும் செய்தியுமாக வருவார்கள். அவர் செய்த வேலை கேட்பது. பெண் சொல்வாள்: நாய் குரைத்துப் பயந்தேன், அதிலிருந்து நின்றுவிட்டது. நடனமாடி வியர்த்த உடம்போடு குளிர்ந்த நீர் குடித்தேன். ஆற்றில் துணி அலசினேன், கால் சில்லிட்டது. எஜமானி திட்டினாள், கோபத்தை விழுங்கினேன். இவற்றையெல்லாம் அவர் காரணமாகவே ஏற்றுப் பதிவு செய்கிறார். அச்சமும் கோபமும் குளிரும் இரத்தத்தை நிறுத்தும் என்பதில் பெண்ணுக்கும் மருத்துவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. உள்ளே நடப்பதைத் தெரிந்தவள் அவள்தான், மருத்துவருக்குக் காது மட்டும்தான் வழி. பெண் சொன்ன சொல்லுக்கு மருத்துவத்தில் இருந்த அந்த எடை பின்னாட்களில் குறைந்தது. அந்த இழப்பைச் சிறிதென்று தள்ள முடியாது.

ஷ்டோர்ஹ் பின்பற்றியது ஹாலே பல்கலைக்கழகத்தின் கியோர்க் எர்ன்ஸ்ட் ஷ்டாலை. உயிரே உடலை ஆள்கிறது, வேண்டாத குருதியை வெளியேற்றிக் காப்பதும் அதுதான் என்பது ஷ்டாலின் போதனை. அதே ஹாலேயில் படித்தவர்தான் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சமயப் பரப்பாளர் சீகன்பால்கு. அந்நகரின் அநாதை இல்லத்துக்குச் சொந்தமான மருந்துச்சாலை தன் மருந்துகளை ஐரோப்பா முழுவதும் விற்றது. கப்பலில் தரங்கம்பாடிக்கும் அனுப்பியது. 1730-இல் ஹாலேயிலிருந்து வந்த மருத்துவர் விரைவிலேயே இறந்துவிட, 1732-இல் சாமுவேல் பெஞ்சமின் க்னோல் என்னும் மருத்துவர் வந்தார். ஷ்டால் காலத்து ஹாலேயின் மருத்துவச் சிந்தனை சோழமண்டலக் கரைவரை கப்பலேறி வந்திருக்கிறது என்பதைத் தமிழ் மருத்துவ வரலாறு எழுதுவோர் இன்னும் விரிவாக ஆராய வேண்டும்.

ஷ்டோர்ஹின் குறிப்புகளில் வியப்பூட்டுவது இரத்தத்தின் அலைச்சல். பருவம் தள்ளிய பெண்ணுக்கு மூக்கில் இரத்தம் வந்தால், வழிதவறிய மாதவிலக்கு அது. புண்ணிலிருந்து கசிந்தாலும் அப்படியே, வாந்தியில் வந்தாலும் அப்படியே. அவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. அந்த நூற்றாண்டின் பெரும்பாலான மருத்துவர்கள் இதை ஏற்றிருந்தார்கள். இதில் ஒரு கொடிய தலைகீழ்ப்பாடு ஒளிந்திருந்தது. சயரோகம் முற்றும்போது உடல் மெலிந்து மாதவிலக்கு நின்றுபோகும். இருமலில் இரத்தமும் வரும். மருத்துவர் பார்த்ததோ, மாதவிலக்கு நின்றது, பிறகு நெஞ்சிலிருந்து இரத்தம் வந்தது என்ற வரிசையை. ஆகவே நின்றதுதான் காரணம், இருமல் அதன் விளைவு என்று எழுதினார். காசநோயால் செத்துக்கொண்டிருந்த எத்தனையோ இளம்பெண்களுக்கு மாதவிலக்கை வரவழைக்கும் மருந்துகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு சந்தேகம் எல்லா வீட்டிலும் வாய்திறக்காமல் நின்றது. தாமதம் நோயாக இல்லாமல் கருவாக இருந்தால்?

அதைத் தீர்மானிக்க அந்தக் காலத்தில் கருவி எதுவும் இல்லை. லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தது 1816-இல். கருவின் இதயத்துடிப்பைக் காதால் கேட்டதாக முதல் அறிக்கை வந்தது 1818-இல். அதற்கு முன்பு, குழந்தை வயிற்றில் அசைவதைத் தாய் உணர்ந்து சொன்னால்தான் உறுதி. அவள் சொல்லாவிட்டால்? பருவத்தை வரவழைக்கக் கொடுத்த சாபின் என்ற ஊசியிலைச் செடியும் சில புதினா வகைகளும் கருவைக் கலைக்கவும் பயன்பட்டவை. மருந்து கேட்டு வரும் பெண் எதற்காகக் கேட்கிறாள் என்பது மருத்துவருக்குத் தெரியாது. சில நேரம் அவளுக்கே தெரியாது. நூல்கள் மருத்துவரை எச்சரித்துக்கொண்டே இருந்தன: மணமாகாத பெண்ணின் சொல்லை மட்டும் நம்பி வலுவான மருந்து கொடுக்காதே. சொல்லைக் கேட்டே நோயறிந்த மருத்துவம், இந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் சொல்லை நம்ப மறுத்தது.

சட்டம் அதைவிடக் கடுமை. ஸ்காட்லாந்தில் 1690-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருத்தி கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்துக்கு உதவி கேட்காமல் இருந்து, குழந்தை இறந்தோ காணாமலோ போனால், அவளே கொன்றாள் என்று கொள்ளப்படும். இங்கிலாந்தில் 1624 முதலே இதையொத்த சட்டம் இருந்தது. பருவம் தள்ளியதற்கு மருத்துவர் சொல்லும் காரணம் தூக்குக்கயிறுவரை போகக்கூடிய விஷயமாக இருந்தது.

பிராங்க்ஃபர்ட் நகரில் சுசன்னா மார்கரேட்டா பிராண்ட் என்ற விடுதிப் பணிப்பெண்ணின் கதை நீதிமன்ற ஆவணங்களில் முழுமையாக நிற்கிறது. அவளுக்கு மாதவிலக்கு நின்றது; வயிறு பெருத்தது. விடுதிக்காரிக்கும் அக்காமார்களுக்கும் சந்தேகம். கர்ப்பம் இல்லை என்றாள். மருத்துவரிடம் காட்டினார்கள், அவரும் கருவைக் கண்டுகொள்ளவில்லை. 1771 ஆகஸ்டில் விடுதியின் சலவைக்கூடத்தில் தனியே பிரசவித்தாள். குழந்தை இறந்து கிடந்தது. 1772 ஜனவரி 14-ஆம் நாள் வாளால் அவள் தலை வெட்டப்பட்டது. அப்போது அதே நகரில் இளம் வழக்குரைஞராக இருந்தவர் கெதே. அவருடைய 'ஃபவுஸ்ட்' நாடகத்தின் கிரேட்சென் பாத்திரத்துக்குப் பின்னால் இந்தப் பெண் நிற்கிறாள் என்பது இலக்கிய வரலாற்றாளர் பலரின் முடிவு. மருத்துவ வரலாறு அவளை நினைக்க வேண்டிய காரணம் வேறு. மாதவிலக்கு நின்றதை இரத்தத் தடையாகவே பார்க்கப் பழகிய கண்ணுக்கு, பெருத்த வயிறும் இரத்தத் தடைதான். குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் அவளுக்கும் அந்த விளக்கம் கொஞ்ச காலம் அடைக்கலம் தந்தது. அந்த அடைக்கலம்தான் அவளை உதவி கேட்காமல் தனிமையில் பிரசவிக்க விட்டது.

எடின்பரோவுக்குத் திரும்பலாம். அங்கே ராயல் மருத்துவமனையில் 1748 முதல் மாணவர்களுக்குப் படுக்கையருகே பாடம் நடந்தது. ஏழை வேலைக்காரப் பெண்கள் அந்த வார்டில் சேர்ந்தார்கள். பருவம் தடைப்பட்டது என்ற பெயரில் படுக்கையில் கிடந்தவர்கள் அவர்களில் கணிசம். கடிதம் எழுதும் குடும்பத்துப் பெண்ணுக்கு இருந்த மறைவு இவர்களுக்கு இல்லை. பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஹோம் தம் வார்டில் நடத்திய சோதனைகளை 1780-இல் நூலாக்கினார். மஞ்சிட்டியின் ஐரோப்பிய இனமான சாயவேரைக் கொடுத்துப் பார்த்தார். சாபின் கொடுத்துப் பார்த்தார். தொடையில் இறங்கும் பெருந்தமனியை அழுத்திக் கட்டி, இரத்தத்தைக் கருப்பைப் பக்கம் திருப்ப முயன்றார். மின்சாரமும் பாய்ச்சப்பட்டது. லண்டனில் ஜான் பர்ச் என்ற அறுவை மருத்துவர் பெண்களின் தடைகளை மின்சாரத்தால் நீக்குவது பற்றி 1779-இல் தனி நூலே எழுதிவிட்டார். சோதித்துப் பார்த்து, தோல்வியையும் சேர்த்துப் பதிவு செய்யும் பழக்கம் ஹோமைப் போன்றவர்களிடமிருந்து மருத்துவத்துக்குக் கிடைத்த நல்ல சொத்து. அந்தச் சோதனைக்கு உடல் கொடுத்தவர்கள் கேட்க நாதியற்ற பணிப்பெண்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லாமல் விடக்கூடாது.

இந்தச் சூழலில்தான் கல்லனின் 'மருத்துவ நடைமுறையின் முதல் வரிகள்' 1777-க்கும் 1784-க்கும் இடையே நான்கு தொகுதிகளாக வந்தது. ஐரோப்பா முழுவதும் மாணவர்கள் அதைப் படித்தார்கள். அதில் மாதவிலக்குத் தடையைப் பற்றிய பகுதி சில பக்கங்கள்தான். ஆனால் அதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில் அவர் இரண்டைப் பிரிக்கிறார். வர வேண்டிய வயதில் தொடங்காதது ஒன்று. தொடங்கிப் பலமுறை வந்தபின், கருவுறுதல் அல்லாத காரணத்தால் நின்றது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அடுத்து அவர் சொல்வது அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. மற்றப் பெண்களுக்கு வரும் வயதில் ஒருத்திக்கு வரவில்லை என்பதாலேயே அதை நோய் என்று கொள்ளக்கூடாது என்கிறார். ஸ்காட்லாந்தின் தட்பவெப்பத்தில் பதினான்கு வயதளவில் வருவது வழக்கம், பலருக்கு முந்தும், பலருக்குப் பதினாறுவரை வராது, அப்படி வராதவர்களில் பலருக்கு எந்தக் கோளாறும் இல்லை. எனவே வயதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. அந்தப் பருவத்தில் உடலின் மற்றப் பகுதிகளில் கோளாறுகள் தோன்றினால் மட்டுமே நோய்.

அந்தக் கோளாறுகளை அவர் எழுதும் விதம் அவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தவர் என்பதைக் காட்டுகிறது. சோம்பல், அடிக்கடி அயர்ச்சி, செரியாமை, சில நேரம் மண்ணையும் சாம்பலையும் தின்னத் தோன்றுவதுபோன்ற இயல்பு மீறிய பசி. முகம் நிறம் இழந்து வெளுத்து, சில நேரம் மஞ்சள் சாயல் கொள்கிறது. உடல் தளர்கிறது, பாதம் வீங்குகிறது. வேகமாக நடந்தால் மூச்சிரைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மயக்கம் வருகிறது. முதுகும் இடுப்பும் வலிக்கின்றன. இன்றைய மருத்துவ மாணவர் எவரும் இதைப் படித்தால் ஒரு நொடியில் சொல்வார்: கடுமையான இரத்தசோகை. கல்லன் காலத்தில் இதற்குக் குளோரோசிஸ் என்று பெயர். மக்கள் வழக்கில் பச்சை நோய். 1554-இல் யோஹான்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கன்னிப்பெண்களின் நோய் என்று ஒரு கடிதத்தில் விவரித்து, திருமணமே மருந்து என்று எழுதினார். இருநூறு ஆண்டுகள் அந்த மருந்துச்சீட்டு ஐரோப்பாவைச் சுற்றியது. நோயுற்ற பெண்ணை அவசரமாகக் கட்டிக்கொடுக்க மருத்துவமே கையெழுத்துப் போட்டது. கல்லனும் இதிலிருந்து முழுதாக விடுபடவில்லை. தாம்பத்திய உறவு கருப்பைக்குழாய்களைத் தூண்டும், முறையாக வாய்க்கும் இடத்தில் அது பயன்படலாம் என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு நகர்கிறார்.

ஆனால் காரணத்தைத் தேடும்போது அவர் மிகைக்குருதியை விட்டு விலகுகிறார். இந்தப் பெண்களிடம் மிகுதி எதையும் காணோம். உடல் முழுவதும் தளர்ச்சிதான் தெரிகிறது. தேங்கிய இரத்தம் நோய் தரவில்லை, தளர்ந்த உடலால் இரத்தத்தை வெளியேற்ற முடியவில்லை. காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. அந்தத் தளர்ச்சி ஏன் அந்த வயதில் வர வேண்டும் என்று அடுத்துக் கேட்கிறார். பருவ வயதில் சினைப்பைகளில் ஏதோ மாற்றம் நிகழ்கிறது. அதையொட்டிக் கருப்பையில் குருதிப்போக்கு தொடங்குகிறது. அப்படியானால் சினைப்பையின் நிலைதான் கருப்பையைத் தூண்டுகிறது என்று ஊகிக்கலாம். சினைப்பையிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் இல்லையென்றால் உடல் முழுதும் சோர்கிறது. ஹார்மோன் என்று எவரும் கேள்விப்படுவதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னால் எழுதிய ஊகம் இது. மற்ற விவரங்களில் அவர் தவறியிருக்கிறார். இதில் சரியான உறுப்பை நோக்கிக் கை நீட்டியிருக்கிறார்.

மருத்துவமும் அதற்கேற்ப மாறியது. முதல் வேலை உடலைத் தேற்றுவது: நடை, உடற்பயிற்சி, நோயின் தொடக்கத்தில் குளிர்நீர்க் குளியல், வலுவூட்டும் மருந்துகள். அந்த மருந்துகளில் முதலிடம் இரும்புக்கு. இரும்பு கல்லனின் கண்டுபிடிப்பு அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் தாமஸ் சிடன்ஹம் இரும்புத்தூளை வெளுத்த பெண்களுக்குக் கொடுத்து, அவர்கள் முகம் சிவந்ததைப் பதிவு செய்திருந்தார். இரும்புச்சத்துள்ள ஊற்றுகளைத் தேடி மக்கள் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸுக்கும், பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊருக்கும் போனார்கள். ஸ்காட்லாந்தின் மாஃபட் அருகே ஹார்ட்ஃபெல் ஊற்று 1748-இல் கண்டறியப்பட்டது. 1746-இல் இத்தாலியில் வின்சென்சோ மெங்கினி, எரித்த இரத்தத்தின் பொடியைக் காந்தம் இழுப்பதைக் காட்டி, குருதியில் இரும்பு இருப்பதை நிறுவினார். ஆயினும் வெளுத்த பெண்ணின் இரத்தத்தில் இரும்பு குறைகிறது என்ற அடுத்த படியை அந்த நூற்றாண்டு ஏறவில்லை. இரும்பு நார்களை முறுக்கேற்றுகிறது, அதனால் பலன் என்றே விளக்கினார்கள். விளக்கம் பிழை, மருந்து சரி. 1832-இல் பிரான்சின் பியர் பிளோ இரும்புச் சல்ஃபேட்டை மாத்திரையாக்கியபின் அந்த மருந்து உலகெங்கும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் குளோரோசிஸ் என்ற நோயின் பெயரே மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து மறைந்துபோனது.

கல்லன் ஊகித்ததை நிரூபிக்கும் சான்று அவர் காலத்திலேயே லண்டனில் அச்சாகியிருந்தது. 1775-இல் புனித பார்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். வயது சுமார் 23, திடகாத்திரமான பணிப்பெண். இரு தொடையிடுக்கிலும் சிறு வீக்கம். குனிந்து நிமிர முடியாத வலி, வேலை செய்ய முடியவில்லை. வலி தாங்காமல் எதுவும் செய்யச் சம்மதித்தாள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் பாட் கீறிப் பார்த்தபோது, இறங்கி வந்திருந்தவை அவளுடைய சினைப்பைகள். இரண்டையும் அகற்றினார். பிழைத்துக்கொண்டாள், உடலும் தேறியது. ஆனால் மெலிந்து, தசை இறுகி, பெரிதாக இருந்த மார்பகங்கள் இல்லாமல் போயின. அதுவரை ஒழுங்காக வந்த மாதவிலக்கு பிறகு வரவேயில்லை. பாட் இதைச் சில வரிகளில் எழுதி முடித்துவிட்டார். மிகைக்குருதிக் கொள்கைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. கருப்பை அப்படியே இருக்கிறது, இரத்தம் இருக்கிறது, பெண் நலமாக இருக்கிறாள். தேங்கிய குருதி மூளைக்கும் ஏறவில்லை, நெஞ்சுக்கும் ஏறவில்லை.

அந்தச் சில வரிகளை மருத்துவ உலகம் முழுதாக உணர்வதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆயின. 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டார். 1896-இல் வியன்னாவில் எமில் க்னாவர், முயலின் சினைப்பையை உடலில் வேறோர் இடத்தில் பதித்தாலும் கருப்பை சுருங்காமல் காக்கப்படுவதைக் காட்டினார். நரம்பின் வழியாக இல்லாமல் இரத்தத்தின் வழியாகச் சினைப்பை செய்தி அனுப்புகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 1929-இல் அந்தச் செய்தியின் வேதிப்பொருளை எட்வர்ட் டாய்சியும் அடால்ஃப் பூடெனான்ட்டும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். சினைப்பை வளராத பெண்களைப் பற்றி ஹென்றி டர்னர் 1938-இல் எழுதினார். கருப்பையே உருவாகாத பெண்கள் உண்டு, பிறப்புவழியில் மெல்லிய சவ்வு அடைத்திருக்கும் பெண்களும் உண்டு. சவ்வு அடைப்பைக் கீறித் திறக்கும் முறையைப் பண்டைய ரோமானியரான செல்சஸே எழுதிவைத்திருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் லோரென்ஸ் ஹைஸ்டரின் அறுவை மருத்துவ நூலிலும் அது உண்டு. உண்மையாகவே குருதி உள்ளே தேங்குவது இப்படி வழி அடைபட்டிருக்கும்போதுதான்.

இன்று மகளிர் மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு இது: மார்பக வளர்ச்சி முதலான அடையாளங்கள் இருந்தும் 15 வயதுவரை பூப்பெய்தாவிட்டால், அல்லது அத்தகைய அடையாளம் எதுவுமே இல்லாமல் 13 வயதைத் தாண்டிவிட்டால், ஆராய வேண்டும். உயரம், எடை, உணவு, கடுமையான உடற்பயிற்சி, தாயும் அக்காவும் எந்த வயதில் வயதுக்கு வந்தார்கள் என்பதைக் கேட்பார்கள். கர்ப்பமா என்பதைச் சிறுநீர்ச் சோதனை சில நிமிடங்களில் சொல்லிவிடும். கருப்பையும் சினைப்பையும் இருக்கின்றனவா என்பதை ஸ்கேன் காட்டும். தேவைப்பட்டால் ஹார்மோன்களையும் குரோமோசோம்களையும் பார்ப்பார்கள். வளர்ச்சி சீராக இருக்கும் பதினான்கு வயதுப் பெண்ணைத் தாய் பயந்து அழைத்துவந்தால், மருந்து எதுவும் எழுதாமல் சில மாதங்கள் கழித்து மறுபடி வரச் சொல்லி அனுப்புவதே பெரும்பாலும் நடக்கிறது.